நம் வீட்டுக் கொல்லையின் வரலாறு



கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது பாடாங் செராய். மலாய் மொழியில் பாடாங் என்றால் திடல். செராய் என்றால் நாம் சமையலில் தட்டிப் போடும் வாசனைப் புல். விக்டோரியா, ஹென்ரியேட்டா, பாடாங் மெய்ஹா என்று அந்த ஊரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்து வரலாறு என்றாலே எல்லாரும் ரப்பரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இன்று நாம் லயத்துக்குப் பின்னால் இருந்த காய்கறிக் கொல்லையைப் பற்றிப் பேசுவோம். பஞ்ச காலத்திலும் போர்க் காலத்திலும் நம்மவர் அடுப்பு அணையாமல் காத்தது அந்தக் கொல்லைதான்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு வந்தது. அதன் பிறகு இங்கே ரப்பர்த் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மண்ணோடு பழகியவர்கள். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைத் தெரிந்தவர்கள். ஆனால் இந்த நாட்டு வானம் வேறு. இங்கே சித்திரை பிறக்கும்போதே மழை வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் கொட்டித் தீர்க்கிறது. தை, மாசியில் வெயில் காய்கிறது. ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே கொண்டு இங்கே பயிர் செய்ய முடியவில்லை.

அவர்களுக்கு ரப்பர் மரமே பஞ்சாங்கமாயிற்று. வடபகுதியில் தை, மாசி வாக்கில் ரப்பர் இலை உதிரும். அப்போது கீரை விதைத்தால் காய்ந்துவிடும். கிணற்றடியில் உள்ளதை மட்டும் காப்பாற்ற வேண்டும். புதுத் தளிர் விட்டு, சித்திரை மழை விழுந்ததும் மரவள்ளிக் குச்சியும் வாழைக் கன்றும் ஊன்ற வேண்டும். ஆடியில் ஊன்றிய அவரை, மழையில் கொடி வீசி, மழை ஓய்ந்த பிறகு பொங்கலுக்குக் காய் கொடுக்கும். பெருமழைக்கு முன்னால் பாத்தியை உயர்த்தி, வடிகால் வெட்டிவிட வேண்டும். முருங்கைக்கு நீர் தேங்கினால் ஆகாது. ஆகவே மேட்டில் நட வேண்டும். இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியும் சொல்லிக் கொடுக்கவில்லை. பால் மரத்து வேலை முடிந்து, தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்ட பாடங்கள் இவை.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை. கையில் காசு குறையும் நேரத்தில் கொல்லையில் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே, எதை எப்போது நடுவது என்ற பேச்சு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது குடும்பத்தின் கணக்கு.

இந்த நிலம் யாருடையது? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பமுள்ள தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு வீதம் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்டம் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். அதற்குத் தனிச் சட்டம் இருந்தது. எங்கேயானாலும், சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, நிலம் கைக்கு வருவது வேறு. கைக்கு வந்த இடத்திலும் அது தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும், கொல்லையும் போகும்.

1930ஆம் ஆண்டளவில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை படுத்துவிட்டது. பல பகுதிகளில் ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாக இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினார்கள். தங்கியவர்களுக்கு, அரிசி மட்டும் கடையிலும் மற்றது கொல்லையிலும் என்ற நிலை வந்தது.

அதைவிடக் கொடியது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் போர் வந்தது. அதற்கு முன்பு மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்து கொண்டிருந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. ஆண்களில் பலரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். ஏராளமானோர் திரும்பவே இல்லை. லயத்தில் மிஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். அவர்களைப் பிழைக்க வைத்தது மரவள்ளி.

ஏன் மரவள்ளி? அதற்கு விதை வாங்கக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டில் கிழங்கு பிடுங்கும்போது ஒரு முழக் குச்சி கேட்டு வாங்கினால் போதும். மெலிந்த மண்ணிலும் வரும். கிழங்கைத் தேவைப்படும் வரை மண்ணிலேயே விட்டு வைக்கலாம். ஆனால் அதில் நச்சுத் தன்மை உண்டு. தோலை நன்றாக உரித்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தொடக் கூடாது. குச்சியைக் கொடுத்தவர் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தார். குச்சி வயிற்றை நிரப்பியது; எச்சரிக்கை உயிரைக் காத்தது.

கொல்லை வேலிக்கு இனமும் கிடையாது. கம்பத்து மலாய்க்காரரிடமிருந்து செராய், பாண்டான் இலை, சேக்கூர் மானிஸ் கீரை வந்தன. சீனரிடமிருந்து சாவி கீரையும் பாத்தி கட்டும் முறையும் வந்தன. நம் வீட்டு முருங்கையும் கறிவேப்பிலையும் அவர்கள் வாசலுக்குப் போயின.

போருக்குப் பின், ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. கொல்லை நம்முடையது அல்ல என்பது அப்போது கசப்பாகத் தெரிந்தது. 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பங்குப் பணத்தைக் கொண்டு அது தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் ஒன்று. 1974ஆம் ஆண்டு, துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, அரசாங்கம் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு மனைகளில் காய்கறி பயிரிடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக் கொண்டது. லயத்துப் பாட்டிமார்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அவர்கள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டார்களே!

இன்று பல தோட்டங்களில் ரப்பர் இல்லை; செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. நம்மில் பலர் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கிறோம். நிலம் சுருங்கிவிட்டது. ஆனால் நிலத்தோடு அறிவும் போக வேண்டியதில்லை. இரண்டொரு குறிப்புகளைச் சொல்லி முடிக்கிறோம். கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சதையை நீக்கி உடனே விதையுங்கள். அந்த விதை நாள்பட்டால் முளைக்காது. வெண்டையில் நல்ல செடியைப் பார்த்து, ஒரு காயை முற்ற விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வையுங்கள். விறகுச் சாம்பல் புளிப்பு மண்ணையும் திருத்தும். செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லி இருந்த டின்னில் மட்டும், எத்தனை முறை கழுவினாலும், தண்ணீர் பிடிக்காதீர்கள்.

நம் முன்னோருக்கு நிலப் பட்டா இருக்கவில்லை. துணி முடிச்சில் விதையும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லக் கூடிய அனுபவமும் இருந்தன. வேலை போனபோதும் லயம் இடிந்தபோதும் அவர்கள் கையோடு எடுத்துச் சென்றவை அவைதாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: இந்த முருங்கை யார் கொடுத்த கொம்பு? அந்தப் பதிலைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.