தாது வருஷப் பஞ்சமும் தானியச் சந்தையும்

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தைப் பீடித்ததும், தமிழ் ஆண்டுப் பெயரால் தாது வருஷப் பஞ்சம் எனப்பட்டதுமான கொடுமைக்கு வானத்தை மட்டும் பொறுப்பாக்க இயலாது. பற்றாக்குறையை ஈடுசெய்யும் என நம்பப்பட்ட இரயில் பாதைகளே, விலை கூடிய இடம் நோக்கித் தானியத்தை ஈர்த்து, விளைச்சல் பொய்க்காத ஊர்களிலும் விலையை உயர்த்தின. சந்தையில் தலையிடலாகாது என்ற கொள்கையால் ஏற்றுமதியும் தடுக்கப்படவில்லை. 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்கிப் பசியாற்றி, அதற்காகவே ஊதாரி எனத் தூற்றப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877-இல் இங்கு அனுப்பப்பட்டபோது, நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும், அதனுடன் சிறு காசும் போதுமென வரையறுத்தார் (அவர் கற்றுக்கொண்ட பாடம் சிக்கனம் மட்டுமே போலும்). அக்கூலி உடலுழைப்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடியதன் பின்னர் படி ஓரளவு உயர்த்தப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்நாளைய பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே. மாகாண ஆளுநரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.