மெருகும் மெழுகும்

மெருகு, மெழுகு என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. ஆயினும் முன்னது தேய்ப்பது, பின்னது பூசுவது. நகைக்கு மெருகிடும் பொற்கொல்லர் அதனைத் தேய்த்துத் தேய்த்தே ஒளிரச் செய்கிறார். அத்தேய்ப்பில் இம்மியளவு பொன் குறையவும் செய்யும். வீட்டு முற்றத்தைச் சாணமிட்டு மெழுகும் மூதாட்டியோ மண்தரையின்மேல் புதியதொரு படலத்தைச் சேர்க்கிறாள். நடப்பவர் காலடியில் தேய்வது அப்படலமேயன்றித் தரையன்று. படலம் தேய்ந்தால் மீண்டும் மெழுகிக்கொள்ளலாம்.

மோட்டார் வண்டி வைத்திருப்போரில் பலர் இவ்விரு வேலைகளையும் ‘பாலிஷ்’ என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றனர். சொற்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாமும் அவ்வாறே வழங்கி, அதற்குரிய விலையைக் கொடுத்தோம்.

தில்லியில் பணியேற்ற புதிதில் கருநீல அம்பாஸிடர் வண்டியொன்றைப் பிறரிடமிருந்து வாங்கினோம். குடியிருப்பில் வண்டிக் கொட்டகை கிடையாது. தெருவோரத்து வேப்பமரமே அதற்குக் கூரை. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பு அதனை ஒரு கடைக்குக் கொண்டுசென்று, நமக்குத் தெரிந்த இந்தியில் “பாலிஷ் போடுங்கள்” என்போம். வண்டி கண்ணாடிபோல் திரும்பி வரும். இரண்டே மாதங்களில் மங்கிவிடும். ஐந்தாவது தீபாவளியன்று முன்மூடியின் விளிம்பில் நீலம் மறைந்து, அடிப்பூச்சின் சாம்பல் நிறம் விரலகலத்துக்குத் தெரிந்தது. முறையிட்டபோது கடைக்காரர் அமைதியாக விடையிறுத்தார்: “பாலிஷ் கேட்டீர்கள், செய்தோம். வாக்ஸ் கேட்டிருந்தால் வாக்ஸ் போட்டிருப்போமே!”

அவர் கூறியது முற்றிலும் நியாயம். மெழுகு வேண்டிய இடத்தில் ஐந்தாண்டுகளாக மெருகு கேட்டு வந்தவர் நாமே. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதும் மயக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தபோது, மோட்டார் வண்டியின் வண்ணப்பூச்சு வரலாறே கண்முன் விரிந்தது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனிப் பூச்சு எதுவும் இல்லை. குதிரை வண்டிகளுக்கு இட்ட எண்ணெய்ப் பூச்சையும் வார்னிஷையுமே இதற்கும் இட்டார்கள். தூரிகையால் ஒரு பூச்சு பூசி, அது உலரக் காத்திருந்து, தேய்த்துச் சமன் செய்து, அதன்மேல் மறுபூச்சு பூசுவர். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். இத்தனை உழைப்புக்குப் பின்னும் வெயிலில் அது மஞ்சளித்து வெடிக்கும். ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ வண்டி 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1914 முதல் 1925 வரை அது கருப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. மலிவானதும் நீடித்து உழைப்பதும், சூளை வெப்பத்தில் விரைந்து உலர்வதுமான கருப்பு எனாமல் அவருடைய தொழிற்சாலையின் வேகத்துக்கு ஒத்துவந்தது.

இந்நிலையை மாற்றியது ‘டூகோ’ என்னும் பூச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் டூபாண்ட் என்னும் இரசாயன நிறுவனமும் கூடி உருவாக்கிய இந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1923-ஆம் ஆண்டில் ஓக்லண்ட் என்னும் வண்டிகளில் நீல நிறமாக ஏறியது. அதனைத் தூரிகையின்றித் தெளித்தே பூசலாம். வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது; பல நிறங்களும் மலிவாயின.

ஆனால் டூகோவுக்கு இரண்டு குறைகள் இருந்தன. உலர்ந்த நிலையில் அது மங்கலாகவே இருக்கும், தேய்த்தாலன்றி ஒளிராது. அன்றியும், நாளடைவில் வெயில் பட்டு அதன் மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்புத் தூள்போல் பொடியும். அந்தப் பொடிந்த தோலை மென்மையான உராய்பொருளால் தேய்த்து நீக்கினால் அடியில் புதிய நிறம் தெரியும். அது மீண்டும் பொடியாதிருக்க உடனே மெழுகு பூச வேண்டும். சிகாகோவில் 1910-ஆம் ஆண்டளவில் தோன்றிய ‘சிமோனைஸ்’ என்னும் மெழுகு வாணிகம் இதற்கென இரண்டு டப்பாக்களை விற்றது: துப்புரவு செய்ய ஒன்று, மெழுகுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரே அடுத்தடுத்துச் செய்தமையால் இரண்டும் ஒரே வேலை என மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். தேய்த்தலும் பூசுதலும் ஒரு பெயருள் ஒடுங்கிய கதை இதுவே.

இனி, மெழுகு எங்கிருந்து வந்தது என்று காண்போம். அதுவும் நம் மூதாட்டியின் முற்றம்போலத் தரையிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் 1886-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் என்பவர் மரத்தளங்கள் அமைத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். தளம் வாங்கியவர்கள் அதனைப் பேணும் முறையை வினவவே, அவர் மெழுகுக் குழம்பொன்றைத் தயாரித்து அளித்தார். காலப்போக்கில் தளத்தைவிட மெழுகே மிகுதியாக விற்றது. தரைக்கு இட்ட மெழுகு பின்னர் வண்டிக்கும் ஏறியது.

தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். கோடை நண்பகலில் கருநிற வண்டியின் மேற்கூரை கையை வைக்க இயலாதபடி காய்வதை நாம் அறிவோம். அந்தச் சூட்டில் தேன்மெழுகு இளகிப் புழுதியைப் பற்றிக்கொள்ளும். பிரேசில் நாட்டின் வடகிழக்கே, சியாரா, பியாவி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் கார்னூபா என்னும் பனையின மரத்தின் மெழுகோ 80 பாகைக்கு மேலேதான் உருகும். கடினமானது, தேய்த்தால் நன்கு ஒளிர்வது. நம் பனையைப்போல் விசிறி ஓலை உடைய அம்மரம், நீண்ட வறட்சியில் தன் ஈரம் ஆவியாகிப் போகாதபடி ஓலைகளின்மேல் மெழுகைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. மழையற்ற மாதங்களில் நெடிய கழியின் நுனியில் கட்டிய வளைகத்தியால் ஓலைகளை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்தால் வெண்மையான தூள் கிடைக்கும். அதனை உருக்கி வடித்ததே கார்னூபா மெழுகு.

இம்மரத்தையே நம்பியிருந்த தொழிலில் ஓர் அச்சமும் எழுந்தது: தேவை பெருகினால் மரங்கள் போதுமா? ஜான்சனின் பேரர் ஹெர்பர்ட் ஜான்சன் 1935-ஆம் ஆண்டில், நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சிகோர்ஸ்கி விமானத்தில் ரசீனிலிருந்து சியாராவின் தலைநகரான ஃபோர்ட்டலேஸா வரை பறந்து சென்று அப்பனங்காடுகளை நேரில் ஆராய்ந்தார். தரைக்கும் வண்டிக்கும் இடும் ஒரு பூச்சுக்காக இரு கண்டங்களைக் கடந்த பயணம் அது.

வண்ணப்பூச்சு அதன்பின் இன்னுமொரு முறை மாறியது. 1980-களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றை இடும் வழக்கம் பரவியது. இன்றைய வண்டிகளில் வெயிலையும் மழையையும் முதலில் தாங்குவது இத்தெளிபூச்சே. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான் அளவே. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. ஒவ்வொரு மெருகும் அதில் சிறிதைத் தின்கிறது, தின்றது மீளாது. அன்று டூகோவுக்கு மருந்தாயிருந்த தேய்ப்பு, இன்றைய பூச்சுக்குக் காரணமின்றி அடிக்கடி செய்தால் கேடாகிறது. பூச்சு மாறியும் பழைய பழக்கம் மாறாததே நம் தொல்லை.

ஆகவே மெழுகு வாங்குமுன் வண்டியின் பூச்சை அறிதல் வேண்டும். கண்ணில் படாத ஓரிடத்தில் சிறிதளவு மெருகுக் குழம்பை வெள்ளைத் துணியில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அது தெளிபூச்சற்ற பழைய வகை. ஒட்டாவிடில் புதிய வகை. கடையில் ‘துப்புரவு மெழுகு’ என விற்பவற்றில் உராய்பொருள் கலந்திருக்கும். வெளுத்த பழைய பூச்சுக்கு அது எப்போதேனும் உதவும். நல்ல நிலையில் உள்ள பூச்சுக்கு உராய்பொருள் அற்ற தனிமெழுகே ஏற்றது. கார்னூபா சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை நிற்கும். செயற்கைப் பாலிமர்ப் பூச்சுகள் அதனினும் நீடிக்கும்; ஆயினும் கார்னூபா தரும் ஆழ்ந்த ஒளியை விரும்புவோர் இன்றும் உளர்.

பூசும் முறை எளிது. வண்டியை நன்கு கழுவி உலர்த்துக. புழுதியின்மேல் மெழுகு பூசினால் அப்புழுதியே உராய்பொருளாகிக் கீறும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு பகுதியாக மிக மெல்லியதாகப் பூசுக. கனமாக அப்புவதால் பயன் இல்லை. மிகுந்ததைத் துடைத்தெறியவே வேண்டிவரும். பூச்சு வெண்படலமாக மங்கியதும் மென்துணியால் துடைத்தெடுக்க. பம்பாயின் உப்புக் காற்றிலும், கல்கத்தாவின் நெடுமழையிலும், தில்லியின் புகையிலும் வாழும் நம்மவர்க்கு இப்படலம் நல்ல காவல். எனினும் பறவை எச்சம் விழுந்தால் மெழுகை நம்பிக் காத்திராமல் உடனே நீரூற்றிக் கழுவுதல் நன்று. நீர்த்துளிகள் முத்துமுத்தாகத் திரளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் மறுபடி மெழுகும் காலம் வந்ததென்று கொள்ளலாம்.

இவ்வொளியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்மை ஆண்டுகளில், கார்னூபா ஓலை அறுக்கும் தொழிலாளர் பலரை, அடிமை நிலைக்கு ஒப்பான கொடிய நிலையிலிருந்து பிரேசில் அரசின் தொழிலாய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். காட்டிலேயே உறங்கி, தூய குடிநீரும் கழிப்பிடமும் இன்றி, முட்கள் நிறைந்த ஓலைக்காம்புகளிடையே அவர்கள் உழைத்தார்கள். வறட்சியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரந்த மெழுகு நம் வண்டியைக் காக்கிறது. அதனை உதிர்த்துக் கொடுத்தவர்க்கு ஒரு காவலும் இல்லாதிருந்தது. டப்பாவைக் கையில் எடுக்கும்போது அதில் எவர் உழைப்பு அடங்கியிருக்கிறது என்று கேட்பது வீண் கேள்வியன்று. மெழுகை வாங்கும் தொழிற்சாலைகள் இக்கேள்விக்கு விடைகூற வேண்டியவர்களாய் இருப்பது, வாங்குவோர் கேட்பதால்தான்.

அந்த அம்பாஸிடர் இப்போது நம்மிடம் இல்லை. உத்தரபாராவில் அவ்வண்டியின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இன்று நம்மிடம் உள்ள சிறிய வண்டியைப் பருவத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், அதே வேப்பமரத்தடியில் நாமே மெழுகுகிறோம். துடைக்க உதவிய மகள் ஒருநாள், “அப்பா, இது பாலிஷா?” என்று கேட்டாள். “இல்லையம்மா, மெழுகு” என்றோம். இம்முறை சொல் பிழைக்கவில்லை.