மாயாவி வந்த வழி



நியாலாஸ் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கிழக்கே தெரியும் குனோங் லேடாங் பழகிய மலை. உயரம் 1,276 மீட்டர். அந்த மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரத்தை எழுதிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? ஆயிரக்கணக்கான எண்கள் கிடைக்கும், மலை கிடைக்காது. அந்த எண்களைத் திரும்பவும் மலையாக்கித் திரையில் சுழற்றிக் காட்டுவதைத்தான் அறிவியல் காட்சிப்படுத்தல் என்கிறோம். காற்றோட்டம், வெப்பம், கோள்களின் பாதை எல்லாம் இப்படித்தான் படமாகின்றன.

தொடக்கத்தில் இது பெரிய ஆய்வுக்கூடங்களின் வேலை. 1979-இல் வாயேஜர் விண்கலம் வியாழனைக் கடந்தபோது, அது எப்படிப் பறக்கிறது என்பதை ஜிம் பிளின் கணினியில் அசைபடமாக்கினார். அந்த மாதிரி கணினி அன்றைக்குச் சாதாரணக் கல்லூரிக்கு எட்டாக்கனி. 1993-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வாளர்கள் மூவர் வி.டி.கே. என்ற நிரல் தொகுப்பை எழுதத் தொடங்கினார்கள். அது இலவசமாகவே கிடைத்தது. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர்தான் அதைத் தொட முடியும்.

இங்கேதான் சென்னை வருகிறது. 2001 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்தவர் பிரபு ராமச்சந்திரன். வி.டி.கே.யின் மேல் பைத்தான் மொழியில் சன்னல்களும் பட்டியல்களும் அமைத்து, சுட்டியைச் சொடுக்கினாலே முப்பரிமாணப் படம் வரும்படி ஒரு மென்பொருள் செய்தார். அதற்கு 'மாயாவி' என்று பேர் வைத்து, மூலநிரலோடு எல்லாருக்கும் திறந்து விட்டார். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த நமக்கு அந்தப் பேரை விளக்கத் தேவையில்லை! பிறகு அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

அதே காலத்தில் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் ஜியோஜீப்ராவைத் தொடங்கினார். 2002-இல் பிளெண்டரை நிறுவனத்திடமிருந்து மீட்க, அதன் பயனர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டினார்கள்.

நம்ம கதை வேறு. 2003 சனவரியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. வகுப்புக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், குறுவட்டு எல்லாம் வந்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் படங்கள் அழகாகத்தான் இருந்தன. மகரந்தச் சேர்க்கை கண்முன்னே நடந்தது. ஆனால் குரல் ஆங்கிலம், பெயர்க்குறிப்பும் ஆங்கிலம். தோட்டத்துப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், பாடத்தை விட்டுவிட்டார்கள். நான் ஒலியைக் குறைத்துவிட்டுத் தமிழில் பேசினேன். குரலை மறைக்க முடிந்தது, திரையில் இருந்த ஆங்கில எழுத்தை மாற்ற முடியவில்லை. மூடிய வட்டு அது.

2009 சூலையில் அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2012 முதல் நடப்புக்கு வந்தது. மாணவர்களே, ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். ஒரே காலத்தில் வந்த இரண்டு வகைக் கருவிகளில் ஒன்று நம் மொழிக்கு இடம் கொடுத்தது, மற்றொன்று கொடுக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். மூலநிரல் திறந்திருந்தால் யாராவது ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம். ஜியோஜீப்ராவுக்கும் ஸ்டெல்லேரியத்துக்கும் தமிழ் இப்படித்தான் வந்தது. கலைச்சொல் சில இடங்களில் தமிழ்நாட்டு வழக்கு. நம்ம பாடநூல் சொல்லோடு ஒத்துப்போகாது. வகுப்புக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மாறுகிற சொல்லை வெண்பலகையில் எழுதி வையுங்கள்.

முதல் முயற்சிக்கு ஸ்டெல்லேரியம் போதும். மொழியைத் தமிழுக்கு மாற்றி, இடத்தை ஜாசின் என்று வைத்து, நேரத்தை இன்றிரவு எட்டு மணிக்கு நகர்த்துங்கள். திரையில் எந்தக் கோள் எந்தத் திசையில் நிற்கிறது என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். ராத்திரி வாசலுக்கு வந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.