ஆனோடைசிங்

அலுமினியப் பொருளை மின்பகுளியில் நேர்மின்வாயாக இணைத்து, அதன் மேற்பரப்பில் ஆக்சைடு படலத்தை வளர்க்கும் முறை. பெயர்ச்சொல்.

ஆனோட் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தில் 'அனா' மேல், 'ஹோடோஸ்' வழி. இரண்டும் சேர்ந்து 'மேல்வழி'. வில்லியம் ஹியூவெல் பரிந்துரைத்த இச்சொல்லை மைக்கேல் ஃபாரடே 1834-இல் அறிவியல் வழக்குக்குக் கொண்டுவந்தார். தமிழ்ப் பாடநூல்களில் இது நேர்மின்வாய், நேர்மின்முனை என வழங்கும்.

மின்முலாம் பூச்சில் வேறொரு உலோகம் பொருளின் மேல் படிகிறது. ஆனோடைசிங்கிலோ பொருளே நேர்மின்வாய். அதன் அலுமினியமே ஆக்சைடாக மாறுவதால் படலம் உலோகத்தோடு ஒன்றியிருக்கும். அது நுண்துளைகள் நிறைந்தது. அழகுக்கும் அரிமானத் தடுப்புக்கும் செய்யும்போது துளைகளைக் கொதிநீரில் அடைப்பர். பசையால் ஒட்டும் பாகங்களில் அவற்றை அடைப்பதில்லை. பசை துளைகளுக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிப்பு உறுதிப்படும்.

விமானப் பாகங்களை ஒட்டுவதற்குப் போயிங் நிறுவனம் உருவாக்கிய பாஸ்பாரிக் அமில முறை பெயர்பெற்றது. எண்ணெயும் பழைய ஆக்சைடும் நீக்கிய தகட்டை, ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் கரைசலில், சுமார் 10 வோல்ட்டில் 20 முதல் 25 நிமிடம் வைப்பர். பின்பு கழுவி உலர்த்தி, மேற்பரப்பைக் கையால் தொடாமல், தாமதமின்றி முதற்பூச்சுப் பூசுவர்.

பினாங்கு ஜார்ஜ் டவுன் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோரங்களில் இதன் பயன் பெரிது. பக்குவப்படுத்தாத பரப்பில் நீராவி ஊடுருவி ஒட்டைக் காலப்போக்கில் தளர்த்தும். பாஸ்பாரிக் அமிலப் படலம் அதைத் தாங்கி நிற்கும்.