டார்வின் குருவிகள்

ஈக்வடார் நாட்டுக்கு உரிய கலாபகஸ் தீவுகளில் வாழும் சிறு பறவைகள். கோகோஸ் தீவில் உள்ள ஒன்றையும் சேர்த்து மொத்தம் 18 சிற்றினங்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரே மூதாதையின் வழியில் இவை அனைத்தும் தோன்றின. ஒரு சிற்றினம் பலவாகக் கிளைப்பதற்கு உயிரியலில் இவற்றைவிடப் பெயர்பெற்ற சான்று இல்லை.

1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் இங்கு வந்த சார்லஸ் டார்வின், இவற்றைப் பார்த்ததுமே பரிணாமக் கொள்கையை வகுத்துவிட்டார் என்பது பாடநூல் வழியே பரவிய கதை. நடந்தது வேறு. சேகரித்த குருவிகளில் சிலவற்றை அவர் வேறு பறவைக் குடும்பங்களைச் சேர்ந்தவை என்றே நினைத்தார். எது எந்தத் தீவில் பிடிபட்டது என்று பெரும்பாலானவற்றுக்குச் சீட்டும் கட்டவில்லை. 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்டு பரிசோதித்த பிறகே இவை ஒரே கூட்டம் என்பது தெளிவாயிற்று. அதன்பின் டார்வின், கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் உள்ளிட்ட உடன்பயணிகளின் சேகரிப்புகளைப் பார்த்துத் தீவு விவரங்களை ஊகிக்க வேண்டியதாயிற்று. அவரை முதலில் சிந்திக்க வைத்தவை தீவுக்குத் தீவு வேறுபட்ட மாக்கிங் பறவைகள். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இக்குருவிகளைப் பற்றித் தனிப் பேச்சே இல்லை. இவற்றுக்கு டார்வின் பெயரை நிலைக்கச் செய்தது டேவிட் லாக் 1947-இல் எழுதிய நூல்.

இயற்கைத் தேர்வை நேரில் அளந்து காட்டியவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர். 1973 முதல் டாப்னி மேஜர் என்ற சிறு தீவில் குருவிகளுக்கு வளையமிட்டு அலகுகளை அளந்தனர். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோக, நெருஞ்சி இனச் செடியின் முள் காய்களே பெரிதும் மிஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் முன்பிருந்ததைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். குஞ்சுகளுக்கும் அந்த அலகு வாய்த்தது. 1983-இன் பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மலிந்தன. இயற்கைத் தேர்வு சிற்றலகுப் பக்கம் திரும்பியது.

1981-இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலாத் தீவிலிருந்து ஓர் ஆண் குருவி டாப்னி மேஜருக்கு வந்து, உள்ளூர்ப் பெட்டையோடு இணை சேர்ந்தது. ஆண் குஞ்சுகள் தந்தையின் பாட்டையே கற்றன. அந்தப் பாட்டு உள்ளூர்ப் பெட்டைகளிடம் எடுபடவில்லை. இரண்டாம் தலைமுறையிலிருந்து இவ்வழியினர் தமக்குள்ளேயே கூடினர். கலப்பில் பிறந்த இக்கூட்டத்தைப் புதிய சிற்றினமாகவே கொள்ள வேண்டும். வேற்றினத்தோடு கூடினால் மலடாக வேண்டும் என்ற பழைய வரையறை பறவைகளிடம் செல்லாது.

அலகு வடிவத்தோடு தொடர்புடைய ஏஎல்எக்ஸ்1 மரபணு 2015-இல் அறியப்பட்டது. இன்று இக்குருவிகளுக்கு ஆபத்தும் உண்டு: மனிதரால் வந்து சேர்ந்த ஒட்டுண்ணி ஈயின் புழுக்கள் கூட்டிலுள்ள குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இவற்றுள் ஒன்றான அலையாத்திக் குருவி ஏறத்தாழ நூறே எஞ்சியுள்ளது.