ஆறு பவுண் முதல்



சிறு வியாபாரங்கள் கணனி நிபுணர் ஒருவரை வாரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது இன்று இலண்டனில் புதுமையல்ல. இந்தப் பகுதிநேர முறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், அகதியாக வந்த ஒரு பெண்.

1939 இல் நாசிகளிடமிருந்து தப்பிய யூதச் சிறுவர்களோடு லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் வந்திறங்கியபோது ஸ்டெபனி ஷெர்லிக்கு வயது 5. துணைக்கு 9 வயது அக்கா மட்டுமே. வளர்ந்தபின், வெம்பிளியிலிருந்து அதிக தூரமில்லாத டொலிஸ் ஹில்லில், தபால் திணைக்கள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். பெண் என்பதால் ஓர் எல்லைக்கு மேல் உயர விடவில்லை.

1962 இல் 6 பவுண் முதலுடன், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட, படித்த பெண்களே ஊழியர்கள். (ஊரில் பட்டம் பெற்று இங்கே வீட்டோடு இருக்கும் நம் சகோதரிகள் நினைவுக்கு வருகிறார்கள்.) அன்று வீட்டில் கணனி ஏது? தாளில் பென்சிலால் நிரல் எழுதினார்கள், தொலைபேசியில் கலந்து பேசினார்கள். குழந்தையின் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்காதிருக்க, தட்டச்சுச் சத்தத்தைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டாராம்! 'ஸ்டெபனி' என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை; 'ஸ்டீவ்' என்றதும் வரத்தொடங்கியது. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இவர்கள் எழுதியதே.

முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். வேடிக்கை என்னவென்றால், பால் பாகுபாட்டைத் தடைசெய்த 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னாளில் பங்குகளை ஊழியர்களுக்கே பகிர்ந்தளித்தார். அவர்களில் 70 பேர் மில்லியனர் ஆனார்கள். ஷெர்லி 2025 இல், 91 ஆவது வயதில் காலமானார்.