மாவுக்கட்டும் கடிகாரக்காரர் மகனும்

"கிரகணத்தன்னிக்கு வெளிய போனாளா?" பாதம் உள்பக்கம் மடங்கிக் குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். பெற்றவள் பச்சை உடம்போடு அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பி.காம். படித்துவிட்டு வட்டிக் கணக்கு பார்ப்பவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இங்கே நாக்பூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில் போன வருடம் அப்படி ஒரு குழந்தை பிறந்தது. அதற்காகத் தேடப் போய், இந்த வைத்தியத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் கிரகணத்தை முடித்துவிடுவோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி அமைகிறது. ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு. டாக்டர்கள் கிளப் ஃபுட் என்பார்கள்.

கிரேக்கத்து ஹிப்போகிராடஸ் சுமார் 2400 வருடங்களுக்கு முன்பே, பிறந்த கையோடு பாதத்தை மெல்லத் திருப்பித் துணிக்கட்டு போடச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்களுக்குப் பொறுமை போதவில்லை. முறுக்கித் திருகும் கருவிகள் வந்தன. மயக்க மருந்து வந்தபின் கத்தியும் தாராளமாகப் புகுந்தது.

இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். இக்னாசியோ பொன்செட்டி, 1914-ல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் ஒரு கடிகாரக்காரருக்குப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைக்கு டாக்டர். 1939-ல் தோற்றதும் பிரான்சுக்கு ஓடி, மெக்சிகோவில் கிராம வைத்தியம் பார்த்து, 1941-ல் அமெரிக்காவின் அயோவா போய்ச் சேர்ந்தார். (மாற்றல் ஆர்டருக்கு மூக்கால் அழும் நாமெல்லாம் எந்த மூலைக்கு!)

அங்கே அவருக்குக் கிடைத்தது நம்ம இன்ஸ்பெக்ஷன் மாதிரி ஒரு வேலை. முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது எப்படி நடக்கிறார்கள் என்று பழைய கணக்கைப் பார்ப்பது. பார்த்தால், பாதம் விறைத்து, வலியோடு நடக்கிறார்கள். ஆபரேஷன் அன்று வரவு. இருபது வருடம் கழித்து நஷ்டம்.

1940-களின் கடைசியில் அவர் கத்தியை ஒதுக்கினார். கணுக்காலுக்குக் கீழே தாலஸ் என்று ஓர் எலும்பு. அதைக் கட்டைவிரலால் நிலையாகப் பிடித்து, மீதிப் பாதத்தை அதைச் சுற்றி வெளிப்பக்கமாக மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டு. வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். (கைட் என்ற அமெரிக்க டாக்டரும் முன்பே கட்டு போட்டவர்தான். அவர் அழுத்திய இடம் வேறு. அது மாதக்கணக்கில் இழுத்தது.)

1963-ல் முடிவுகளை வெளியிட்டார். கண்டுகொள்வாரில்லை! பெரிய ஆபரேஷன்கள்தான் அதன்பிறகும் கொடிகட்டிப் பறந்தன. 1995-ல் அவருடைய பழைய நோயாளிகள் 45 பேரைச் சராசரி 34 வருடம் கழித்துச் சோதித்த கணக்கு வந்தது. 78 சதவீதம் பேருக்கு நல்ல பாதம். இந்தக் குறையே இல்லாதவர்களைச் சோதித்தபோதும் 85தான். கணக்குப் பிள்ளைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்போதும் டாக்டர்களை அசைத்தது பெற்றோர்தான். 90-களின் இறுதியில் இன்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லி, குழந்தையோடு அயோவாவுக்குப் படையெடுத்தார்கள். எண்பது தாண்டிய கிழவர் கட்டு போட்டார். 2009-ல் 95 வயதில் இறந்தபோது அது உலகம் முழுக்கப் பரவியிருந்தது. இங்கேயும் 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் (ஆர்.பி.எஸ்.கே.) இதற்கு இலவச சிகிச்சை உண்டு.

கட்டு பிரித்ததும் வேலை முடியவில்லை. கம்பியால் இணைத்த ஷூ, முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போது. குழந்தை அழுகிறதே என்று தாத்தா பாட்டி கழற்றிவிட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும். நடுவில் மாற்றல் வந்தால் வீடு, ஸ்கூல் விசாரிப்பதற்கு முன், புது ஊரில் பொன்செட்டி முறை பார்க்கும் டாக்டர் யார் என்று விசாரித்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே, சீட்டெல்லாம் லாரியில் ஏற்றாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.